தலைவரின் பத்துக் குண்டுகள்

ஆயிரம் கெஜ தூரம் சுடுகிற துப்பாக்கி கிளப் ஒன்றுக்கு வல்லவராயர் தலைவர். அவர் குறி தப்பாது என்று கிளப்பே சொன்னது. இலக்குப் பலகையின் கீழே குழியில் உட்கார்ந்து, குண்டு பட்ட இடத்தைக் கம்பால் காட்டுகிற பிலோமினா மட்டும் ஒன்றும் சொன்னதில்லை. ஐயா சுட்டால் நடுவட்டத்தைக் காட்ட வேண்டும் என்பது அவளுக்கு உத்தரவு.

புதிதாக யாரும் சேரவில்லை. வருகிறவர்களிடம் தலைவர் மூன்று மணி நேரம் தன் பதக்கங்களைப் பற்றிப் பேசுவார். அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். குற்றம் பிலோமினாவுடையது என்று கண்டுபிடிக்கப்பட்டது.

"ஞாயித்துக்கிழமை பத்துப் பேரைச் சேத்து விடு. இல்லேன்னா வேலைக்கு வராதே."

அவள் வீட்டில் கைக்குழந்தை. வேலை போனால் பால்மாவுக்கு வழியில்லை.

"சரிங்கய்யா. உங்க திறமையை அவங்க கிட்டத்துல இருந்து பாத்தாப் போதும்."

தலைவருக்கு உச்சி குளிர்ந்தது.

ஞாயிறன்று சந்தையிலிருந்து பத்துப் பேரை அழைத்து வந்து, குழிக்குள் தன் பக்கத்தில் பத்திரமாக உட்கார வைத்தாள். தலைவர் பத்து முறை சுட்டார். அவளும் பத்து முறை நடுவட்டத்தைக் காட்டினாள். வெளியே வந்த பத்துப் பேரும் உடனே கையெழுத்துப் போட்டார்கள்.

தலைவர் மீசையைத் தடவினார். "ஏன் சேந்தீங்கன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க."

தையல்கடை சுலைமான் எழுந்தார். "எனக்குக் கண்பார்வை கொஞ்சம் மங்கலுங்க. இது நமக்கு வருமான்னு பயந்தேன். பலகையில ஒரு ஓட்டைகூட விழாமலே பதக்கம் வாங்கலாம்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

மற்ற ஒன்பது பேரும் தலையாட்டினார்கள்.

"பத்துப் பேர் சரியா இருக்காங்களான்னு எண்ணிக்குங்கய்யா," என்றாள் பிலோமினா.