துடைத்து வைத்த போன்

“டீச்சர், எல்லாத்தையும் தூக்கிட்டேனுங்க.”

அருணகிரி போனை மேசையில் வைத்தார்.

அவருக்கு ஐம்பத்து நாலு வயது. டீச்சர் மெஹருன்னிசாவுக்கு முப்பத்தொன்று. இவர் அவரை டீச்சர் என்பார், அவர் இவரை சார் என்பார். பொள்ளாச்சியில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் ஐந்து பேர் சேர்ந்து போனுக்கு ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் செய்துகொண்டிருந்தார்கள். டீச்சர் ஒருத்தருக்குத் தெரிந்தது மற்ற நாலு பேருக்கும் சேர்த்துத் தெரியாது. இது நானாகச் சொல்வதில்லை. அந்த நாலு பேரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்கள்.

“எல்லாத்தையுமா சார்?”

“கேமரா, கால்குலேட்டர், நோட்டு, பாட்டு, ஒண்ணு விடலீங்க. போன் பேசும். ஆப் கடை திறக்கும். அவ்வளவுதான். வேணுங்கறவங்க வேணுங்கறதை எறக்கிக்கட்டும். நாம எதையும் யார் தலையிலயும் கட்ட வேண்டாம்.”

“கீபோர்டு?”

“இங்கிலீஷ் மட்டும் விட்டு வெச்சிருக்கறனுங்க. அதுவும் இல்லீன்னா எப்படித் தேடறது?”



எட்டு மாத உழைப்பு அது. டீச்சர் சரி என்றால் திங்கட்கிழமை வெளியே போகும். இல்லை என்றால் எட்டு மாதமும் தண்டம்.

அருணகிரியின் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதன் பெயர் விரல்நுனி. அவர் எழுதிய தமிழ்க் கீபோர்டு. ஆறு வருஷம் அதை விற்றுத்தான் சின்னதாக ஒரு ஆபீஸ் நடத்தினார். அப்புறம் புதுப் போனெல்லாம் தமிழ்க் கீபோர்டோடேயே வர ஆரம்பித்தது. சும்மா! ஒரே தீபாவளியில் விரல்நுனி காலி. ஆபீசும் காலி. மனுஷன் நொந்து போய்விட்டார்.

டீச்சர் போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அழகா இருக்குது சார். இவ்வளவு சுத்தமா எனக்கே வராது.”

அருணகிரிக்கு முகமெல்லாம் பல்.

“இதுல உங்க பேரை எழுதுங்க. தமிழ்ல.”

“அதுக்குக் கீபோர்டு எறக்கணுமுங்களே.”

“எறக்குங்க.”

அருணகிரி ஆப் கடையைத் திறந்தார். தேடும் பெட்டிக்கு விரலைக் கொண்டுபோனார். டீச்சர் உள்ளங்கையால் திரையை மூடிவிட்டார்.

“இங்கிலீஷ் தெரியாதுன்னு வெச்சுக்கங்க.”

“அப்பத் தேட முடியாதுங்க.”

“தமிழ்ல தேடுங்க.”

“தமிழ் இருந்தாத்தானுங்க தமிழ்ல…”

பாதியில் நின்றுவிட்டார்.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டீச்சர் திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அருணகிரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “பக்கத்துல யாரையாவது கேட்டா எறக்கிக் குடுத்துட்டுப் போறாங்க! அதுக்காக நாமளே எல்லாத்தையும் உள்ள திணிச்சு அனுப்புனா, ஆப் எழுதிப் பொழைக்கறவன் எங்க போவான்? நான் போன மாதிரிதான் போவான். எனக்கு வலிச்சுதுங்க டீச்சர்.”

“வலிச்சிருக்கும் சார்.”

அதை அவர் ஒப்புக்குச் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தார்.

“புடிக்கலைன்னா நாம வெச்சதைத் தூக்கிப் போட்டுட்டு, ஆப் எழுதறவனோடதைப் போட்டுக்கற மாதிரி வெப்போம். அதை நான் பாத்துக்கறேன். இப்ப நான் கேக்கறது வேற. உங்க அம்மா விரல்நுனியில எழுதினாங்களா?”

“இல்லீங்க.”

“ஏன்?”

“ஊர்ல தனியா இருந்தாங்க. எறக்கத் தெரியாது. வர்றப்ப எறக்கித் தர்றேன், வர்றப்ப எறக்கித் தர்றேன்னு சொல்லிட்டே இருந்தனுங்க.”

“எத்தனை வருஷம்?”

அருணகிரி தலையைக் குனிந்துகொண்டார்.

“ஆறு.”



“அப்புறம் அவங்க எழுதவே இல்லையா?”

“எழுதினாங்க. தங்கச்சி புதுப் போன் வாங்கிக் குடுத்தா. அதுலயே வந்த கீபோர்டுல எழுதினாங்க.”

“யாருக்கு?”

“எனக்குத்தானுங்க. மொதல் மெசேஜே எனக்குத்தான்.”

“என்ன எழுதினாங்க?”

அருணகிரி கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

“‘ஆபீசை மூடிட்டியாமா கண்ணு. சாப்ட்டியா’ன்னு.”