பாலாடையில் அளந்த பக்தி

கப்பல் வந்துபோகும் பட்டினம் அது. எந்த ஊர்க்காரனுக்குக் கடவுள் அனுபவம் அதிகம் என்று அளந்து சொல்ல, திரிலோசன பண்டிதரை ராஜா நியமித்தார். கும்பிடுகிறவன் கண்ணுக்குக் கீழே பண்டிதர், குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையைப் பிடிப்பார். கண்ணீர் நிரம்பினால் அவன் பக்தன். நிரம்பாவிட்டால் அவன் தொழும் இடத்துக்குப் பூட்டு.

தேவாரம் கேட்டு உருகியவர்கள் தப்பித்தார்கள். இறைவனை நினைத்தாலே சிரிக்கிற பாரசீகப் பக்கிரியும், கண்ணை மூடிச் சும்மா உட்காரும் சீன வியாபாரியும் மாட்டிக்கொண்டார்கள்.

இருவருக்கும் தினம் சோறு போடும் சத்திரத்துச் சமையல்காரி செங்கமலத்துக்குப் பொறுக்கவில்லை. "மகாராஜா, பூட்டுப் போடுறதுக்கு முன்னால என் பக்தியையும் அடுக்களைக்கு வந்து அளக்கச் சொல்லுங்க" என்றாள்.

ராஜாவும் வேடிக்கை பார்க்க வந்தார். பண்டிதரை எதிரே உட்காரவைத்து, செங்கமலம் ஒரு கூடை சின்ன வெங்காயத்தை அரிய ஆரம்பித்தாள். பழகிய அவள் கண் கலங்கவில்லை. பண்டிதர் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. சட்டென்று பாலாடையைப் பிடுங்கி அவர் கன்னத்தருகே ஏந்தினாள். நிரம்பிவிட்டது.

"அடேயப்பா! பண்டிதருக்கு வெங்காயத்து மேல எவ்வளவு பக்தி!"

"அடிப்பாவி, இது பக்தியில்லை, வெங்காய நெடி!" என்று அலறினார் பண்டிதர்.

"அது உங்களுக்குத் தெரியுது சாமி. உங்க பாலாடைக்குத் தெரியலையே!"

பூட்டெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த சிரிப்பில் அவர் கண்ணிலும் நீர் கொட்டியது. அதை அளக்கப் பண்டிதர் பாலாடையை எடுக்கவில்லை.