தெருமுனை வரை

வில்லிவாக்கத்தில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் சின்னதாக ஒரு தியான மடம் இருந்தது. அதை நடத்திய மரகதம் அம்மாவுக்கு வயது நாற்பத்திரண்டு. அதற்கு முன் பதினோரு வருஷம் ரயில் நிலைய விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்து, "வண்டி எப்ப வரும்?" என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர். பொறுமையை எங்கே கற்றீர்கள் என்று யாராவது கேட்டால் அந்தக் கவுண்டரைத்தான் சொல்வார்.

சீடர்களில் ஒருவர் கோதண்டபாணி. குருவைவிடப் பதினான்கு வயது மூத்தவர். ஆனாலும் "அம்மா" என்றுதான் அழைப்பார்.

அவருடைய வேலை கொஞ்சம் விசித்திரமானது. பஸ், மெட்ரோ, மின்சார ரயில், ஷேர் ஆட்டோ எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்து வழி சொல்லும் ஆப்கள் வந்துவிட்டன அல்லவா? எது சரியாகச் சொல்கிறது, எது கதை விடுகிறது என்று நேரில் போய்ப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். அலுவலகத்தில் யார் எங்கே போனாலும் அவரிடம்தான் வழி கேட்பார்கள். ஊருக்கெல்லாம் குறி சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். அவர் சங்கதியும் அப்படித்தான்.

ஒருநாள் காலையில் தடிமனான ஓர் அறிக்கையோடு மாடியேறி வந்தார்.

"அம்மா, மூணு ஆப்பையும் ரெண்டு வருஷமா ஒப்பிட்டுப் பாத்துட்டேன். எதை நம்பறதுன்னு இன்னும் பிடிபடலை."

அம்மா புரட்டிப் பார்த்தார்.

"எல்லாப் பக்கத்துலயும் ஒரே பாதையா இருக்கே. வில்லிவாக்கத்துலேருந்து குரோம்பேட்டை."

"ஒப்பிடணும்னா பாதை மாறக் கூடாதும்மா."

"சரி. அது ஏன் குரோம்பேட்டை?"

"அங்க எங்க அக்கா வீடு இருக்கு."

"எத்தனை தடவை போனீங்க?"

"நாப்பத்தோரு தடவை."

"அக்கா சௌக்கியமா?"

கோதண்டபாணி தரையைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"தெரியாதும்மா. தெருமுனை வரைக்கும்தான் போவேன். நேரத்தைக் குறிச்சுக்கிட்டுத் திரும்பிடுவேன்."

அம்மா அறிக்கையை மூடி வைத்தார். கோதண்டபாணிக்கு வேறு வழியில்லை, முழுவதையும் சொன்னார்.

மூன்று வருஷத்துக்கு முன் அக்காவின் கணவர் இறந்துபோனார். அவர்கள் வழக்கப்படி பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை உடன்பிறந்தவன்தான் அக்காவின் தோளில் போட வேண்டும். நாலு மணிக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டரைக்கெல்லாம் புடவை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டார். ஒரு ஆப் பஸ்ஸில் ஏறு என்றது. இன்னொன்று மெட்ரோவுக்குப் போ என்றது. மூன்றாவது ஆட்டோ என்றது. நிமிஷத்துக்கு நிமிஷம் நேரம் மாறியது. எது சீக்கிரம் என்று பார்த்துப் பார்த்தே நாற்பது நிமிஷம் அங்கே நின்றார்.

"நான் போனப்ப மணி நாலு இருபது. தெருமுனையிலேயே பூ சிதறிக் கிடந்துச்சும்மா. எடுத்துட்டாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. அங்கேருந்தே திரும்பிட்டேன்."

"அக்கா கூப்பிடலையா?"

"கூப்பிடுவா. தீபாவளி, பொங்கல்னா இன்னைக்கும் போன் வரும். எடுக்க மாட்டேன்."

மரகதம் அம்மா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாங்க ஐயா. நாப்பத்திரண்டாவது தடவைக்கு நானும் வரேன்."

திருமங்கலம் வரை ஷேர் ஆட்டோ. அங்கிருந்து பரங்கிமலைக்கு மெட்ரோ. கோதண்டபாணி மூன்று போன்களையும் மடியில் பரப்பி வைத்துக் குறிப்பெடுத்தார். எதிரில் இருந்தவர் இவர் போன் விற்கிறவர் என்று நினைத்து விலை கேட்டார்.

மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்தது.

"அக்கா எப்படி இருப்பாங்க?" என்றார் அம்மா.

"குள்ளமா இருப்பா. வேகமா நடப்பா. எங்கம்மா போனப்ப எனக்கு மூணு வயசு. இடுப்புல என்னை வெச்சுக்கிட்டேதான் சோறு வடிப்பா."

"அப்புறம்?"

"என் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'டேய் தம்பி'ன்னு ஒரு இழுப்பு இழுப்பா. அதை ஒரு தடவை கேக்கணும் போல இருக்கும்மா. ரொம்ப இருக்கு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பல்லாவரத்தில் வண்டி நின்றதைக் குறிக்க மறந்துபோனார்.

குரோம்பேட்டையில் இறங்கி நடந்தார்கள். தெருமுனை வந்ததும் கோதண்டபாணியின் கால்கள் பழக்கப்பட்ட இடத்தில் தாமாக நின்றன. போன்களைப் பார்த்தார்.

"ரெண்டாவது ஆப் சொன்ன நேரத்துக்கு ரெண்டு நிமிஷம்தான் வித்தியாசம்."

"அக்கா வீடு எது?"

"பச்சை கேட். இங்கேருந்து நாலாவது. ஒரு தடவை கீரை வாங்க வெளிய வந்தா. இளைச்சுப் போயிருந்தா. நான் இங்க நின்ன ஒரு வேனுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன்."

கோதண்டபாணி இரண்டு வருஷமாக நாற்பத்தோரு பயணங்களிடம் கேட்ட கேள்வியை இப்போதுதான் வாய்விட்டுக் கேட்டார்.

"அன்னைக்கு யோசிக்காம இந்த ரெண்டாவதை நம்பிக் கிளம்பியிருந்தா, என் அக்காவுக்கு நான் கோடி போட்டிருப்பேனாம்மா?"

"போட்டிருப்பீங்க."

இதுவரை சொந்தக்காரர்கள் எல்லோரும் அவர் பிந்தியதை விதி என்றுதான் சொல்லியிருந்தார்கள். கோதண்டபாணி நடுத்தெருவில் நின்று குழந்தை மாதிரி அழுதார். அம்மா அழ விட்டார்.

"அப்ப அவ முகத்துல நான் எப்படிம்மா முழிப்பேன்? வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாளாமே. இருபது நிமிஷம் பிந்திட்டேனே!"

மரகதம் அம்மா பச்சை கேட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"அன்னைக்கு நின்னுக்கிட்டு இருந்ததால இருபது நிமிஷம் பிந்துச்சு ஐயா. இப்பவும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கீங்க. மூணு வருஷம் ஆச்சு."