உள்மூலை

கோவைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் சுகிர்தா என்றொரு ஆசிரியை இருந்தார். பகலில் வேலைக்குப் போய்க்கொண்டே மேல்படிப்புப் படிக்கிறவர்களுக்குச் சனிக்கிழமைகளில் பாடம் எடுத்தார். ஒரு பொருளைக் கணினிக்குள் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, பாரம் ஏறும்போது ஒவ்வொரு துண்டும் உள்ளுக்குள் படும் பாட்டை எண்ணாகக் கணக்கிடும் பாடம். ஃபைனைட் எலிமெண்ட் என்று பெயர்.

அந்த வகுப்பில் குழந்தைவேலுதான் மூத்தவர். ஆசிரியையைவிட வயதில் பெரியவர். மருத்துவமனைச் சாமான்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தலைமை டிசைனர். அவர் ஆசிரியையை மேடம் என்பார். ஆசிரியை அவரை சார் என்பார். இரண்டு பேருக்கும் அதில் சங்கடம் இருந்ததில்லை.

படிப்பின் கடைசியில் செய்யவேண்டிய ப்ராஜெக்டுக்கு வேலு தன் கம்பெனிச் சாமானையே எடுத்துக்கொண்டார். எழுந்திருக்க முடியாத நோயாளியைப் படுக்கையிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கும் இயந்திரம். அதன் கை கனமான இரும்புத் தகட்டில் வெட்டியது. நேராக ஏறி, சட்டென்று மடங்கி, படுக்கைக்கு மேலே நீளும்.

ஒரு சனிக்கிழமை அறிக்கையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

"முடிஞ்சுதுங்க மேடம். இரும்பு தாங்கறதுக்கு அனுமதிச்ச அளவு நூத்தி இருபது. நமக்கு வந்தது நூத்தி நாலு. ஆஸ்பத்திரிக்காரங்க காலேஜ் கையெழுத்துக் கேக்கறாங்க; நீங்க போட்டீங்கன்னா சாமான் போயிரும்."

சுகிர்தா படத்தைப் பார்த்தார். கை முழுக்கப் பச்சையும் நீலமும்; ஆபத்தைக் காட்டும் சிவப்பு எங்குமில்லை.

"இன்னும் சின்னதா வெட்டிப் பாருங்க சார்."

"வந்திருச்சுங்களே."

"பாருங்க."

வேலு வகுப்புக் கணினியில் உட்கார்ந்தார். துண்டுகளைப் பாதியாக்கினார். திரையில் கை மடங்கும் இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. நூற்று முப்பத்தெட்டு.

"இன்னும்."

நூற்று எண்பத்தேழு.

பின்னால் இருந்தவர்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள்.

"இன்னும்."

இருநூற்று ஐம்பத்தைந்து.

வேலு திரையிலிருந்து திரும்பினார். "இதுல எது மேடம் உண்மை?"

"வெட்டுங்க."

வேலு வெட்டினார். எண் ஏறிக்கொண்டே போனது. வகுப்பு முடிந்த பிறகும் யாரும் கிளம்பவில்லை. கடைசியில் கணினி அசையாமல் நின்றுவிட்டது.

வேலு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "என்னங்க விளையாட்டு இது? நான் மீசை முளைச்ச காலத்துல இருந்து டிராயிங் போடறவன். ஒரு இரும்புக்கு ஒரு பதில்தானுங்க இருக்கணும். இந்தப் பாடம் தப்பா, நான் தப்பா?"

சுகிர்தா திரையில் அந்தச் சிவப்புப் புள்ளியில் விரல் வைத்தார். "இந்த உள்மூலைக்கு எவ்வளவு வளைவு குடுத்திருக்கீங்க?"

"வளைவு இல்லைங்க. நேர் மூலை. லேசர்ல சீக்கிரம் வெட்டலாம்."

"சரி. அடுத்த வாரம் பாப்போம்."

சுகிர்தா கணினியை அணைத்துவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை வேலு தனியாக வரவில்லை. அவர் கம்பெனி முதலாளி அர்த்தநாரியும் கூட வந்தார். கல்லூரியை நடத்தும் அறக்கட்டளையில் அவரும் ஒருவர். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே உள்ளே வந்தார். எல்லோரும் எழுந்தார்கள். சுகிர்தா பாதியில் இருந்த வரியை எழுதி முடித்துவிட்டுத் திரும்பினார்.

"என்ன அம்மிணி, ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு தூரம் நடக்க வெச்சுட்டீங்க?"

"உக்காருங்க ஐயா."

"உக்கார நேரமில்ல. நூத்தி நாலுன்னு வந்துச்சல்ல? அதை எழுதிக் குடுத்தாப் போதும். மேல மேல வெட்டச் சொல்லி எங்க ஆளைக் குழப்பியிருக்கீங்க."

"வெட்டினா ஏறுதுங்களே ஐயா."

"அப்ப எதுக்கு வெட்டறீங்க?"

வகுப்பில் ஒருவர் சிரித்துவிட்டார். அர்த்தநாரி அந்தப் பக்கம் திரும்ப, சிரிப்பு அடங்கியது.

"அந்தச் சிவப்பு மட்டும் தெரியாம பண்ண முடியாதா?" என்று கேட்டார்.

"முடியும். நிறத்தோட அளவை மாத்தினா போதும். எல்லாம் பச்சையாயிடும்."

"அப்புறம் என்ன?"

"படம்தான் ஐயா பச்சையாகும்."

அர்த்தநாரியின் குரல் தாழ்ந்தது. "இந்தக் கட்டடம் நிக்கறதுல பாதி எங்கப்பா குடுத்த நிலம். யாரு எந்த வகுப்பு எடுக்கறதுங்கறது நாங்க உக்காந்து பேசற விஷயம். தெரியுமில்ல?"

"தெரியும்."

சுகிர்தா கரும்பலகையைத் துடைத்தார். நான்கு எண்களையும் பெரிதாக எழுதினார். நூற்று நாலு. நூற்று முப்பத்தெட்டு. நூற்று எண்பத்தேழு. இருநூற்று ஐம்பத்தைந்து. கடைசியில் சில புள்ளிகள் வைத்தார். பிறகு சாக்பீஸை அர்த்தநாரியிடம் நீட்டினார்.

"உங்களுக்குப் பிடிச்ச எண்ணைச் சுத்தி ஒரு வட்டம் போடுங்க ஐயா. பக்கத்துல உங்க பேரை எழுதுங்க. அதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போடறேன்."

அர்த்தநாரி சாக்பீஸை வாங்கினார். பலகையைப் பார்த்தார். வகுப்பு முழுக்க அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. பலகைவரை போன கை இறங்கிவிட்டது.

"ஏப்பா வேலு. டிசைன் உன்னுது. நீ போடு."

வேலு எழுந்து வந்து சாக்பீஸை வாங்கினார். நூற்று நாலுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு எண்களை விட்டுவிட்டு, பலகையின் காலியான ஓரத்தில் அந்தக் கையை வரைந்தார். நேராக ஏறி மடங்கும் இரண்டே கோடுகள். கோடுகள் சேரும் மூலையைக் கட்டைவிரலால் அழித்தார். அழித்த இடத்தில் ஒரு வளைவு போட்டார்.

அர்த்தநாரிக்குப் புரிந்துவிட்டது. அவர் படித்தவர். "வெட்டி அடுக்கியிருக்கற கையெல்லாம்?"

"பழைய இரும்புக்குப் போகட்டுமுங்க."

"யாரு சோறு தின்னுட்டு யாருகிட்டப் பேசற?"

"இது படுத்த படுக்கையா இருக்கறவங்களைத் தூக்கற கைங்க. ஒரே நாள்ல முறியாது. தினம் தினம் தூக்கித் தூக்கி, பாரமெல்லாம் ஒரே புள்ளியில குவியற அந்த நேர் மூலையில ஒரு நாள் விரிசல் விடும். அன்னைக்கு அதுல தொங்கறவங்களால எந்திரிச்சு ஓட முடியாதுங்க. வட்டம் நான் போட மாட்டேன்."

"அப்ப திங்கக்கிழமை கம்பெனிப் பக்கம் வராதே."

"சரிங்க."

அர்த்தநாரி சாக்பீஸ் படிந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வெளியேறினார். சுகிர்தா வகுப்பைப் பார்த்து, "உக்காருங்க. விட்ட இடத்துல இருந்து" என்றார்.

அர்த்தநாரி சும்மா இருக்கவில்லை. அதே வகுப்பில் படித்த வேறொரு டிசைனரைக் கூப்பிட்டு, நூற்று நாலுக்குப் பெயர் போடச் சொல்லிக் கேட்டார். அவர் தன் கண்ணால் எண் ஏறியதைப் பார்த்தவர், மறுத்துவிட்டார். இன்னொரு கல்லூரியில் விசாரித்தார். அங்கே இருந்தவரும், "கொஞ்சம் சின்னதா வெட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். கையெழுத்தில்லாமல் ஆஸ்பத்திரிக்காரர்கள் வாங்க மறுத்தார்கள். கடைசியில் எல்லாக் கைகளையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதிதாக வெட்டினார்கள். வேலு பலகையில் போட்ட அதே வளைவுதான். அவர் பெயர் டிராயிங்கில் இல்லை.

சுகிர்தாவிடமிருந்து அந்தப் பாடத்தை எடுத்துவிட்டார்கள். முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கோடு போடச் சொல்லித் தரும் டிராயிங் வகுப்பைக் கொடுத்தார்கள். வேலுவின் ப்ராஜெக்டை மேற்பார்க்கும் பொறுப்பு மட்டும் அவரிடமே இருந்தது. அதை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வேலைக்கு அலைந்துகொண்டே வேலு புது அறிக்கையை முடித்தார். டிராயிங் ஹாலில் பிள்ளைகள் போன பிறகு சுகிர்தாவைத் தேடி வந்தார்.

"வளைவு குடுத்துப் பாத்தேனுங்க மேடம். நூத்திப் பன்னெண்டு. பாதியாக்கினேன், நூத்திப் பன்னெண்டு. அதுலயும் பாதியாக்கினேன். நகரவே மாட்டேங்குது."

"முதல்ல வந்த நூத்தி நாலைவிட அதிகமாச்சே?"

"அதிகம்தானுங்க. ஆனா நூத்தி இருபதுக்குள்ள நிக்குது."

சுகிர்தா பக்கங்களைப் புரட்டினார். பழைய மூலைக்கு வந்த எண்களையும் வேலு விடாமல் போட்டிருந்தார். சிவப்பு இருந்த படங்களும் அப்படியே இருந்தன. சுகிர்தா பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

வேலு கிளம்பவில்லை.

"ஒண்ணு கேக்கணுமுங்க மேடம். அந்த நூத்தி நாலு நான் பொய்யா எழுதினதில்ல. கணினி குடுத்ததுதான். அதோட நான் நின்னிருந்தா, நீங்க உங்க வகுப்புல இருப்பீங்க. நான் என் சீட்டுல இருப்பேன்."

"ஆமா."

"நாளைக்கு வேற கம்பெனிக்குப் போவேன். அங்கயும் ஒருத்தர் பின்னால நின்னுட்டு போதும் போதும்பாரு. எது வரைக்குமுங்க வெட்டறது?"

"எண் நிக்கிற வரைக்கும்."

"அதுக்குள்ள வேலை போயிருச்சுன்னா?"

சுகிர்தா அறிக்கையை மூடி அவர் கையில் கொடுத்தார்.

"அப்ப வெட்டறதுக்கு நேரம் நிறையக் கிடைக்கும் சார்."