கயிற்றை விட்ட கை

இந்தக் கதையைக் கேட்பவருக்கு ஒரு நிபந்தனை உண்டு. முடிவில் ஒரு கேள்வி வரும். பதில் சொல்லாமல் எழுந்து போகக் கூடாது. சம்மதமென்றால் தூத்துக்குடிக்குப் போவோம்.

அங்கே முத்துக்குளித்த காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மூச்சடக்கிக் கடலில் இறங்குகிறவனின் இடுப்புக் கயிற்றை, அவன் மனைவியின் உடன்பிறந்தவன்தான் படகிலிருந்து பிடிப்பான். கூடப்பிறந்தவள் தாலியறுக்கும்படி எவனும் கையைத் தளர்த்த மாட்டான் என்ற நம்பிக்கை. கீழேயிருந்து கயிறு இரண்டு முறை வெடுக்கென்று இழுபட்டால், ‘மூச்சு முட்டுகிறது, தூக்கு’ என்று அர்த்தம்.

இந்தக் காலத்தில், அதே ஊர்க்காரரான கிளமென்ட் அந்த வழக்கத்தை வைத்து ஒரு வீடியோ கேம் செய்தார். அதில் ஆடுகிறவர் முத்துக்குளிப்பவன் அல்ல, கயிறு பிடிக்கிற மைத்துனன். தொடக்கத்தில் ஆட்டம் ஒன்றைத்தான் கேட்கும்: ‘உன் கூடப்பிறந்தவள் பெயர் என்ன?’ பிறகு கறுத்த தண்ணீர், அதற்குள் இறங்கும் கயிறு, அவ்வளவுதான். கடலடியைக் கடைசிவரை காட்டாது. கையிலிருக்கும் கன்ட்ரோலர் மட்டும் அதிரும். பாறை உரசினால் ஓர் அதிர்வு, மீன் இடித்தால் இன்னொன்று, உயிர் போகிறதென்றால் அந்த இரண்டு இழுப்பு.

முதன்முதலில் அதை ஆடிப் பார்த்தவன் சில்வெஸ்டர். கிளமென்டின் மனைவி பிலோமினாவுக்குத் தம்பி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். அக்காவின் பெயரை அடித்துவிட்டு உட்கார்ந்தான். இரண்டு இழுப்பு வந்தபோது மீன் என்று நினைத்துவிட்டான். வெறுங்கயிறு மேலே வந்தது. திரையில் ‘பிலோமினா’ என்ற எழுத்துகள் ஒவ்வொன்றாக அழிந்தன. எழுந்து நேரே அடுப்படிக்குப் போனான்.

“என்னலே, பேயறைஞ்ச மாதிரி நிக்கே?” என்றாள் அக்கா.

“ஒண்ணுமில்லக்கா. குடிக்கத் தண்ணி குடு.”

அன்றிலிருந்து அந்த ஆட்டத்தை அவனை விடப் பொத்திப் பாதுகாத்தவர் கிடையாது. “மச்சான், இது மீன் இடிச்ச மாதிரி இல்ல, லாரி இடிச்ச மாதிரி இருக்கு” என்று அவன் சொல்லச் சொல்ல, கிளமென்ட் ஒவ்வோர் அதிர்வாகத் திருத்தினார். கேம் ஊர் ஊராகப் பரவியது. ரசிகர்கள் சங்கம் வைத்தார்கள். தலைவர் வேறு யார்? சில்வெஸ்டர்தான்.

பிறகு சினிமா வந்தது. இயக்குநர் திவாகர் வீடு தேடி வந்து, தோசை சாப்பிட்டு, ஒளிவுமறைவில்லாமல் பேசினார்.

“நான் கேம் ஆடினதில்ல சார். பசங்க ஆடி வீடியோ எடுத்துக் குடுத்தாங்க, முழுசாப் பாத்தேன். பிரமாதம். ஆனா ஹீரோ படகுல உக்காந்து கயிறு பிடிச்சிட்டிருந்தா ஜனம் எழுந்து போயிடும். அவர் தண்ணிக்குள்ள இருக்கணும்.”

“அப்பக் கயிறு பிடிக்கிறவன்?” என்றான் சில்வெஸ்டர்.

“அதுக்கு ஒரு நல்ல காமெடியனைப் பிடிச்சிருக்கோம்.”

சில்வெஸ்டர் மச்சானைப் பார்த்தான். கிளமென்ட் தலைகுனிந்து கையெழுத்துப் போட்டார். படத்தைப் பற்றிக் குறையாக ஒரு சொல்லும் சொல்லமாட்டேன் என்பதும் ஒப்பந்தத்தில் இருந்தது. போதாததற்கு, உள்ளேபோய் ஒரு கட்டு ஓவியங்களை எடுத்துவந்து திவாகரிடம் கொடுத்தார். அதிர்வுகளைக் கணிப்பதற்காக அவர் வரைந்து வைத்திருந்த கடலடி அது. சில்வெஸ்டருக்குக்கூட அதைக் காட்டியதில்லை.

முதல் காட்சிக்குக் கிளமென்டும் சில்வெஸ்டரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்கள். திரை முழுக்க நீலமாகக் கடலடி விரிந்தது. பவளம், பாசி, அவற்றின் நடுவே பளபளவென்று கதாநாயகன். அரங்கம் விசிலடித்தது. சில்வெஸ்டர் அரங்கத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். தான் விரல் நுனியால் தடவித் தடவி அறிந்த கடலை, இத்தனை பேர் பாப்கார்னைக் கொறித்துக்கொண்டே கண்ணால் அள்ளுகிறார்கள். படகிலோ காமெடியன் கொட்டாவி விட்டான், முதுகைச் சொறிந்தான், கயிற்றைத் தவறவிட்டான். கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

திரும்பிப் பார்த்தான். நீல வெளிச்சத்தில் மச்சானின் கண்கள் நனைந்திருந்தன.

‘எனக்குக் காட்டாத கடலை எவனுக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு, அதைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் வேறு!’

அந்த நேரம் கிளமென்டின் கை இருட்டில் துழாவி வந்து, அவன் சட்டைக் கையைப் பிடித்து இரண்டு முறை இழுத்தது. ‘பார், பார்’ என்கிறார் என்று நினைத்துக்கொண்டான். உதறிவிட்டு எழுந்து வெளியே போனான்.

வாசலில் டிக்கெட் கிடைக்காத ரசிகர்கள் மொய்த்துக்கொண்டார்கள். “என்னண்ணே, படம் எப்படி? பாதியில வந்துட்டீக?”

“மச்சான் நம்ம கடல வித்துட்டாரு. போங்கலே வீட்டுக்கு!”

செல்போன்கள் அதைப் பிடித்துக்கொண்டன. இடைவேளைக்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. படம் முடிந்து கிளமென்ட் தனியாக வெளியே வந்தபோது யாரோ ஊளையிட்டார்கள். அவர் கூட்டத்துக்குள் ஒரு முகத்தைத் தேடினார். காணவில்லை. நடந்து போனார்.

திவாகர் கயிறு பிடித்தவனைக் கோமாளியாக்கினார். கிளமென்ட் தன் கையாலேயே கடலை எடுத்துக் கொடுத்தார். சில்வெஸ்டர் ஊரறிய மச்சானைத் தூற்றினான். நிபந்தனை நினைவிருக்கிறதல்லவா? சொல்லுங்கள்: இந்த மூவரில் கயிற்றைக் கைவிட்டது யார்?

*

விடை: சில்வெஸ்டர். திவாகர் அந்தக் கயிற்றைப் பார்த்தாரே தவிர, ஒருநாளும் பிடித்ததில்லை. பிடிக்காத கை எதை விடும்? கேம் ஆடிய ரசிகர்கள் பிறகு படத்தைப் பார்த்து நொந்துபோனதும் இதனால்தான். படம் கண்ணுக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டது. கிளமென்ட் ஆழம் தெரியாமல் இறங்கியவர். தவறுதான், ஆனால் இறங்குகிறவர் கயிற்றைப் பிடிப்பதில்லை, அது அவர் இடுப்பில் இருக்கிறது. ஒப்பந்தத்தால் குறை சொல்ல வாயில்லாமல் மூழ்கிக்கொண்டிருந்தவருக்கு மிஞ்சியது அந்த இரண்டு இழுப்புதான். அரங்கத்திலேயே அதை முதலில் புரிந்துகொண்டிருக்க வேண்டியவன் பக்கத்து இருக்கையில்தான் இருந்தான். அவனோ, தண்ணீருக்குள் யார் நீந்துகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.