இடுக்கருவியும் ‘வா’ சொல்லாத மந்திரவாதியும்

முதலில் வம்புக்கு வந்தவன் மந்திரவாதி சுடலைக்கூத்தன்தான். இதை யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது. மலைகளுக்கெல்லாம் காது இருந்த ஒரு காலத்தில் நடந்தது இது.

குறிஞ்சிக்கோட்டை ராஜ்ஜியத்தில் இரண்டு பெரும்பாறைகளுக்கு நடுவே ஓர் இடுக்கு. அதற்குள் ஒரு சின்ன ஆறு இரண்டு ஆள் உயரத்திலிருந்து குதிக்கும். இடுக்கருவி என்று பெயர். அடியில் ஒரே ஓர் ஆள்தான் நிற்கலாம். அன்று நின்றவர் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த பெத்தணன். தலை நிறைய சீயக்காய்.

“ஏய் கிழவனே, நகரு!” என்றான் சுடலைக்கூத்தன்.

“கண்ணு எரியுது. இருமய்யா, அலசிக்கிறேன்.”

“என்னையா இருக்கச் சொல்றே?” கோலைத் தட்டினான். “அருவியே, நில்! நான் மறுபடி ‘வா’ன்னு சொல்ற நாள்லதான் நீ விழணும்!”

அருவி கண்ணாடிச் சேலை மாதிரி அந்தரத்தில் தொங்கியது. பெத்தணன் கண்ணைக் கசக்கிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.

அருவி நின்றதும் வாய்க்கால் வற்றியது. வாய்க்கால் வற்றியதும் கொடிக்கால் வாடியது. மூன்று நாள் தாங்கும், அதற்குமேல் அத்தனை கொடியும் சருகு. அருவியை இழுத்துவிட ராஜா யானையை அனுப்பினார். யானை இடுக்குக்குள் தும்பிக்கையை மட்டும் விட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

முதல் நாள் பெத்தணன் மந்திரவாதியின் வீட்டுக்குப் போனார். வீடு தேடி வந்தவரை ‘வா’ என்று சொல்லாத மனிதன் உண்டா?

“நுழை,” என்றான் சுடலைக்கூத்தன்.

இரண்டாம் நாளும் போனார். “உட்கார்,” என்றான்.

“செஞ்சது தப்புன்னு சொல்லுமய்யா.”

“கிளம்பு,” என்றான்.

மூன்றாம் நாள் அந்தி நேரத்தில், தலையில் ஒரு மூட்டையோடு போய் வாசற்படியில் நின்றார்.

“ஊரை விட்டே கிளம்பிட்டேன். நான் போறேன்!”

மந்திரவாதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “விளக்கு வைக்கிற நேரத்துல, என் படியில நின்னு ‘போறேன்’கிறதா? நாக்கை அடக்கு!”

“போறேன்.”

“அப்படிச் சொல்லாதேங்கறேன்!”

“போறேன்!”

“ஐயையோ, போயிட்டு வா!”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான். யாரைக் கூப்பிட்டான் என்று அருவிக்கு என்ன தெரியும்? அதன் காதில் விழுந்தது ‘வா’ ஒன்றுதான். தடதடவென்று குதித்தது. வாய்க்கால் பாய்ந்தது, கொடிக்கால் தலைநிமிர்ந்தது, ஊரே குலவை போட்டது. மந்திரம் முறிந்து சுடலைக்கூத்தனின் கோல் வெறும் குச்சியானது.

ராஜா மகிழ்ந்து ஓர் உத்தரவு போட்டார். இடுக்கருவியில் தினமும் முதல் குளியல் பெத்தணனுக்கு. அவர் வெளியே வரும்வரை வேறு யாரும் நுழையக் கூடாது.

மறுநாள் காலை இடுப்பில் துண்டோடு சுடலைக்கூத்தன் வெளியே காத்து நின்றான்.

“அண்ணே, வெயில் ஏறுது. கொஞ்சம் நகருங்க.”

“அன்னைக்குச் செஞ்சது?”

“அதான் தண்ணி வந்துடுச்சேண்ணே!”

“தப்புன்னு ஒரு சொல்லு. நகந்துடறேன்.”

சுடலைக்கூத்தன் தொண்டையைச் செருமினான். பாறையைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். அந்தச் சொல் மட்டும் வரவில்லை.

பெத்தணன் நிதானமாகத் திரும்பி, முதுகை அருவிக்குக் காட்டினார்.