பேப்பரை அலசிய ஊர்

நெட்டேரிக்காரர்களைப் போல டீச்சர் பேச்சை மதிக்கிற ஜனங்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். அவர்களிடம் இருக்கிற ஒரே கஷ்டமும் அதுதான்.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைவு. அதை மூடி, ஊர் ஏரிக்கு அக்கரையில் இருக்கிற பள்ளியோடு சேர்த்துவிடலாமா என்று பார்க்க, திங்கட்கிழமை ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. மூடிவிட்டால் பொடிசுகளெல்லாம் வெயிலில் ஏரியைச் சுற்றி நடக்க வேண்டும். அந்த அதிகாரியிடம் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகள் நாட்டு நடப்பைப் பேசி விவாதம் செய்தால் மனிதர் உருகிப்போவார். ஊமைபோல் உட்கார்ந்திருந்தால் பூட்டுதான்.

நாச்சியம்மை டீச்சருக்கோ அந்த நேரம் பார்த்துத் தங்கை கல்யாணம். பெற்றோர் சங்கத் தலைவர் பஞ்சநாதத்தைக் கூப்பிட்டு, பஸ் படியில் நின்றபடி அவசர அவசரமாகச் சொன்னார்:

"தினமும் பேப்பரை எடுத்து நல்லா அலசுங்க. பிள்ளைங்க ஆளுக்கொரு பக்கம் நின்னு பேசட்டும். விவாதம் சூடா இருக்கணும். யாரு ரொம்ப சூடோ, அவங்களுக்கு ஒரு மாலை போட்டு உற்சாகப்படுத்துங்க."

பஸ் போய்விட்டது. பஞ்சநாதம் சங்கத்து ஆட்களான வேம்பையனையும் உலகநாதனையும் அழைத்துக்கொண்டு, அன்றைய பேப்பரோடு ஏரிக்கரைக்குப் போனார். பிள்ளைகளும் பின்னாலேயே போனார்கள்.

சோப்புப் போடுவதா வேண்டாமா என்பதில்தான் முதல் சிக்கல் வந்தது. போட்டால் பளிச்சென்று இருக்கும் என்றார் வேம்பையன்.

"டீச்சர் அலசத்தானே சொன்னாங்க? சோப்புப் போட்டா அது துவைக்கிறதாயிடும்" என்றார் உலகநாதன்.

பஞ்சநாதம் பேப்பரை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். "சோப்பு வேணாம். முதல் பக்கத்தைக் கசக்காம அலசுங்க. மந்திரி படம் இருக்கு" என்றார்.

அலசினார்கள். சினிமாப் பக்கத்தின் சிவப்பும் பச்சையும் தண்ணீரில் ஓடின. பொய் என்றால் சாயம் வெளுத்துவிடும் என்று ஊரே சொல்கிறதே, அப்படியானால் இது பொய்ச் செய்தி என்று மூவரும் முடிவு கட்டினார்கள். அடுத்த தாளில் சின்னப் பள்ளிகளை மூடப் போகும் செய்தி இருந்தது. அந்தக் கறுப்பு மை மட்டும் சொல்லி வைத்தாற்போல் அசையவே இல்லை. அப்படியானால் இது உண்மைச் செய்தி என்று மூவரும் தலையில் கைவைத்துக்கொண்டார்கள்.

அப்போது ஐந்தாம் வகுப்புக் கோமளம், மூடினால் பஸ் விடுவார்களா, எங்களை ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று ஆரம்பித்தாள். அக்கரைப் பள்ளியில் நூலகம் இருக்கிறது, மூடினால் நல்லதுதான் என்றான் சின்னத்தம்பி. மற்ற பிள்ளைகளும் ஆளாளுக்குச் சேர்ந்துகொண்டார்கள். பஞ்சநாதத்துக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"வாயை மூடுங்க. நீங்க விவாதம் பண்ணணும்னுதான் பெரியவங்க இங்க பாடுபடுறோம். அதுக்குள்ள தொணதொணன்னு என்ன பேச்சு?"

மறுநாள் ஆளுக்கொரு பக்கம் நிற்க வைத்தார்கள். கோமளத்தைக் கிழக்கே பம்புசெட்டுப் பக்கம் விட்டார்கள். சின்னத்தம்பியை மேற்கே சுடுகாட்டுப் பக்கம் விட்டார்கள். மற்ற பிள்ளைகளுக்கு மிச்சத் திசைகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். எல்லோரும் தொண்டை கிழியப் பேசினார்கள். ஒருவர் பேசியது ஒருவருக்கும் கேட்கவில்லை. சண்டை சச்சரவு இல்லாமல் விவாதம் அருமையாக நடந்தது என்று உலகநாதன் பாராட்டினார்.

சூடுதான் பாக்கி. சத்துணவுக்கூடத்து அடுப்பைச் சுற்றி எல்லோரையும் உட்கார வைத்து, பஞ்சநாதம் ஒவ்வொரு நெற்றியாகத் தொட்டுப் பார்த்தார். சின்னத்தம்பி நெற்றி கொதித்தது. அவனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். மாலையைப் போட்டுக் கைதட்டினார்கள். அவன் அம்மா வந்து, மாலையோடு அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். கருகருவென்று மீசை வைத்த, நல்ல மனிதர். பெரியவர்கள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்ததால் அவரை யாரும் கவனிக்கவில்லை. பள்ளிக்கூடத்தின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் குசுகுசுவென்று பேச்சு கேட்டது. அங்கே கோமளமும், காய்ச்சல் தணிந்து வந்த சின்னத்தம்பியும், பள்ளிக்கூடத்தை மூடலாமா கூடாதா என்று மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். பெரியவர்கள் காதில் விழுந்தால் திட்டுவார்களே என்றுதான் அத்தனை மெதுவாகப் பேசினார்கள். அதிகாரி கடைசிவரை நின்று கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நேரே பஞ்சநாதத்திடம் வந்தார்.

"உங்க பள்ளிக்கூடத்தை மூட மாட்டோம்" என்றார்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஓரமாகப் போய்க் கூடிப் பேசினார்கள்.

"இது பெரிய செய்தி. அலசாம நம்பக் கூடாது" என்றார் பஞ்சநாதம்.

"இது பேப்பர்ல வரலையே. அவரு வாயில இருந்துதானே வந்துச்சு?" என்றார் வேம்பையன்.

"அப்போ வாயைத்தான் அலசணும்" என்றார் பஞ்சநாதம்.

"வாயை மட்டும் தனியா எப்படிங்க எடுக்கிறது?" என்று உலகநாதன் கேட்டார்.

ஆகவே முழு ஆளையும் அலசுவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். ஏரியைப் பார்க்க வாருங்கள் என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். உபசாரம் என்று நினைத்து அவரும் சந்தோஷமாக வந்தார். கரைக்கு வந்ததும் வேம்பையன் காலைப் பிடித்தார், உலகநாதன் தோளைப் பிடித்தார். மனிதர் என்னவென்று கேட்பதற்குள் தண்ணீருக்குள் போய் வெளியே வந்துவிட்டார்.

மீசையிலிருந்து கறுப்பாக ஒழுகியது. சட்டையெல்லாம் கறுப்பாயிற்று. மீசை வெள்ளை வெளேரென்று நின்றது.

"சாயம் வெளுத்துப்போச்சே" என்றார் பஞ்சநாதம். அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. உலகநாதன் அழுதேவிட்டார். பொடிசுகள் இனி வெயிலில் நடக்க வேண்டியதுதானே.

அதிகாரி மூச்சு முட்ட, "மூட மாட்டேன்யா. என் பிள்ளைங்க மேல சத்தியம், மூட மாட்டேன்" என்றார்.

இது புதுச் செய்தி. மறுபடியும் அலசினார்கள். இந்தத் தடவை தண்ணீர் தெளிவாக இருந்தது. ஒரு சொட்டுச் சாயம் இல்லை. பள்ளிக்கூடம் தப்பித்தது என்று மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

கரையில் பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். அவர் முதலில் சொன்னதும் உண்மைதான் என்று கோமளம் கட்சி, உண்மையென்றால் சாயம் ஏன் போயிற்று என்று சின்னத்தம்பி கட்சி. சத்தம் அக்கரைவரை கேட்டது.

"சும்மா இருங்கடா. பெரிய விவாதம் நடக்கிற இடத்துல என்ன கூச்சல்?" என்று அதட்டிவிட்டு, பஞ்சநாதம் அதிகாரியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கோபத்தில் அது அடுப்பாகக் கொதித்தது. சின்னத்தம்பியைவிடவே சூடு அதிகம். இன்னொரு மாலையைக் கொண்டுவரச் சொல்லி அவர் கழுத்தில் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அதிகாரி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வேம்பையன் காலைப் பிடித்துக்கொண்டார், உலகநாதன் தோளைப் பிடித்துக்கொண்டார்.